வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஒரு போகிப் பண்டிகை விடியலில், உள்ளே ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருந்த அறையை நான் வெளியிலிருந்து தாழிட்டேன். கதவை அடைத்தால் அவருக்கு உயிர் போய்விடும் போல ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படி ஆகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இத்தனை வருடங்களில் இதை எனக்கு நானே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விளையாட்டுக்குச் செய்தது, புகை உள்ளே போகாமல் இருக்கச் சாத்தியது, கை தவறிப் பட்டது. எண்பதை நெருங்குகிற வயதில் இனி அந்த வேலை வேண்டாம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை வைத்து அவருடைய ஊரில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம் இருந்த லாட்ஜில் நாங்கள் அவரை ‘வெந்நீர்’ என்றே கூப்பிட்டோம். எங்களைவிட மூத்தவர், நாற்பது இருக்கும். ஆனாலும் நீ, வா, போ என்றுதான் பேசினோம். இப்போது எழுதும்போது கை தானாக ‘அவர்’ என்று எழுதுகிறது. அப்போது எழுதியிருந்தால் எழுதியிருக்காது.

தஞ்சாவூரில் குளிர்காலம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு மார்கழி அங்கே தங்கியவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர்கள் காய்வதற்குள் பனி வந்துவிடும். லாட்ஜ் தாழ்வாரத்துக் கொடியில் போட்ட துணி ஒரு வாரம் தொங்கினாலும் ஈரவாடை போகாது. காலையில் புது ஆற்றுப் பாலத்தில் நின்றால் அக்கரை தெரியாது. வண்டி வருவது மாட்டுச் சலங்கையில் தெரியும், பிறகு கொம்பு தெரியும், பிறகுதான் வண்டிக்காரர். பெரிய கோயில் விமானத்தின் மேல்பாதி வெயில் ஏறும்வரை இருக்காது. தெருவெல்லாம் கோலம், சாணி உருண்டை, அதன்மேல் பூசணிப்பூ. தலையிலும் காதிலும் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்திருக்கும் ஆண்கள். அவித்த பனங்கிழங்கை ஆவி பறக்கக் கூடையில் வைத்திருக்கும் பெண்கள். மலைக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியோடு தெருக்குழாயில் பல் கிட்டிக்கக் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் லாட்ஜில் இருந்தவர்கள் எல்லோரும் கல்யாணம் ஆகாத உத்தியோகஸ்தர்கள். நான் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் ட்யூட்டர். குளிர்காலத்துக்கு மட்டும் முதலாளி ஒரு ஆளை வைத்து வெந்நீர் போடுவார். கொல்லைப்புறத்தில் செங்கல் சுவரும் தகரக்கூரையுமாக ஓர் அறை, அதற்குள் பெரிய உமி அடுப்பு, மேலே செப்பு அண்டா. அந்த வருடம் கார்த்திகைத் தீபம் முடிந்த வாரத்தில் இவர் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள். வலது முன்கையில் முழங்கைவரை தோல் பளபளவென்று, வாழைப்பட்டையின் உள்பக்கம் போல இருந்தது.

அரிசி ஆலையிலிருந்து உமி மூட்டை சுமந்து வருவார். இருட்டோடு அடுப்பு மூட்டி, நாங்கள் எழுவதற்குள் அண்டா தளதளவென்று கொதிக்கும். எங்கள் தேங்காய் எண்ணெய்ப் புட்டிகள் மார்கழியில் உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடும். அவற்றை அடுப்புத் திட்டில் வரிசையாக வைத்து உருக்கிக் கொடுப்பார். யார் புட்டி எது என்பதில் தினமும் சண்டை வரும். அவர் அதில் தலையிட மாட்டார். மற்றவர்கள் அடுப்பை ஒட்டிக் குத்துக்காலிட்டுக் குளிர் காய்வார்கள். அவர் மட்டும் உமியைத் தள்ளிவிட்டு வாசல்படிக்கு வந்து, பனியில் நின்றுகொண்டு, அங்கிருந்தே நீளக் கம்பியால் அடுப்பைக் கிளறுவார்.

வந்த சில நாட்களிலேயே அவருடைய விசித்திரம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லாட்ஜ் அறைக் கதவுகளுக்கு வெளிப்பக்கமும் தாழ்ப்பாள் உண்டு, பூட்டுவதற்கு. அவர் அந்தத் தாழ்ப்பாள்களையும் வெந்நீர் அறைத் தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளி, நகராதபடி சணல் கயிற்றால் கட்டிவைத்தார். வெளியே போகிறவர்கள் கயிற்றை அவிழ்த்துப் பூட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து திறந்ததும் எங்கிருந்தோ வந்து மறுபடி கட்டிவிடுவார். யாராவது பூட்டைக் கையில் எடுத்தால் போதும், “உள்ள ஆளு இருக்கா?” என்று குரல் வரும்.

மின்சார வாரியத்தில் வேலை பார்த்த மெட்ராஸ்காரர் ஒருவர் பக்கத்து அறையில் இருந்தார். கிண்டல் பேர்வழி.

“யோவ் வெந்நீரு, என் ரூம்ல ஆளு இல்ல, மூட்டைப்பூச்சிதான் இருக்கு. பூட்டலாமா?”

“அதுவும் உசுருதான சார். சன்னலத் திறந்துவச்சுட்டுப் பூட்டுங்க.”

“சன்னலத் திறந்தா பனி வந்து நான் செத்துடுவேனே.”

“பனியில யாரும் சாகறதில்ல சார்.”

முதலாளி சாமான் அறையைப் பூட்டும்போதும் இவர் போய்க் கேட்பார். ராத்திரி எட்டு மணிக்குக் கீழவாசலில் ஜவுளிக்கடைக்காரர்கள் பலகைக் கதவுகளைச் செருகும்போது, டீ குடிக்கப் போனவர் அங்கேயும் நின்று “உள்ள ஆளு இருக்கா?” என்பார். கடைப் பையன்கள் உள்ளே இருந்தபடியே “இல்லை” என்று கத்திச் சிரிப்பார்கள். அவர் நகர மாட்டார். கடைசி ஆள் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போவார். குளிப்பதும் கிணற்றடியில், திறந்த வெளியில். சினிமாவுக்குக் கூப்பிட்டால் டென்ட் கொட்டகைக்கு மட்டும் வருவார். கட்டடத்துத் தியேட்டருக்கு வர மாட்டார்.

நாங்கள் இதையெல்லாம் கிறுக்கு என்று வைத்துக்கொண்டோம். காரணம் எனக்கு மட்டும் முதலில் தெரிந்தது. அவரே சொன்னார்.

எனக்கு மார்கழி வந்தால் இருமல். வெந்நீருக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஒருநாள் வாளியை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

“சார், நீங்க காலேஜ்ல கேள்வி கேக்கறவருதான?”

“ஆமா, என்ன இப்போ?”

“கோர்ட்ல வக்கீலுங்க குறுக்க குறுக்க கேப்பாங்களாம். எனக்கு நாக்கு பொரளாது. நீங்க கொஞ்சம் என்னயக் கேட்டுப் பாருங்களேன். பழகிக்கிறேன்.”

“உனக்கு என்ன கேஸ்?”

“எரிச்ச கேஸுங்க” என்றார்.

விஷயம் இதுதான். குடவாசலுக்குக் கிழக்கே அவருடைய ஊர். அறுப்புக்கூலி அரை மரக்கால் கூடக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. நிலத்துக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடிதடி. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொல்லி வந்த ஆட்சி. ஏழைகளுக்கு நல்ல காலம் என்று பேச்சு. வயலில் பழைய காலம்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாலை நேரம், துரத்தி வந்தவர்களுக்குப் பயந்து அவரும் அவர் தங்கை புருஷனும் களத்துமேட்டுக் கொட்டகைக்குள் ஓடி ஒளிந்தார்கள். உள்ளே வைக்கோல். வெளியே தாழ்ப்பாள் போட்டுக் கூரையில் தீ வைத்தார்கள். இவர் பின்பக்கக் கீற்றுத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தார். மச்சானைக் கையைப் பிடித்து இழுக்கும்போது கூரை இறங்கிவிட்டது. வேறு பார்த்தவர்கள் கிடையாது, அல்லது பார்த்ததாகச் சொல்ல ஆள் கிடையாது. இவர் ஒருவர்தான் சாட்சி. பொங்கல் கழிந்து கோர்ட்டில் விசாரணை. அதுவரை யார் கையிலும் அகப்படாமல் இருக்கட்டும் என்று விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்கள் தஞ்சாவூர் லாட்ஜில் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

நான் வக்கீலானேன். அடுப்பு முன்னால், பல்குச்சியோடு.

“பொழுது சாஞ்ச நேரம். இருட்டு. அங்க நின்ன ஆளை நீ எப்படிப் பாத்தே?”

“இருட்டு இல்லீங்களே. கொட்டக எரியுது. அந்த வெளிச்சம் போதாதா?”

“கூலித் தகராறு பண்ணினவன் நீ. அவங்க மேல உனக்குக் கோபம். பொய் சொல்ல உனக்குக் காரணம் இருக்கு.”

அவர் யோசித்தார். “காரணம் இருக்குங்க. பொய் இல்ல.”

“தாழ்ப்பாள் போட்டது யாரு?”

“போட்டது அவங்க காரியக்காரன். போடுடான்னு சொன்னவங்க வாய்க்கா வரப்புல நின்னாங்க.”

“அது யாரு?”

அவர் பெயரைச் சொன்னார். பெயரோடு ‘ஐயா’ சேர்த்துச் சொன்னார்.

அது என் மாமாவின் பெயர். அம்மாவின் தம்பி. அப்பா போன பிறகு என்னை வளர்த்து, சின்ன வயதிலிருந்தே வெளியூர் ஹாஸ்டல்களில் வைத்து, திருச்சியில் எம்.ஏ. வரைக்கும் படிக்கவைத்தவர். அதனால் ஊர் ஆட்கள் பலருக்கு அப்போது என் முகம் தெரியாது. மாமா மேல் ஏதோ கேஸ் என்று தெரியும். பொய்க் கேஸ் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நானும் மேலே கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்சி மாறிய அடுத்த தைக்குள் மாமாவின் வேட்டிக் கரையும் மாறிவிட்டது. அதனால் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் இருந்தார்கள்.

நான் அப்போது சொன்ன வார்த்தை இது: “கோர்ட்ல ஐயான்னு எல்லாம் சொல்லக்கூடாது. அவ்வளவு மரியாதை வச்சிருக்கிறவன் மேல ஏன் கேஸ் போட்டேன்னு கேட்பாங்க.”

“வாயில வந்துடுதுங்க.”

“பேரை மட்டும் சொல்லு. பழகு.”

அவர் பழகினார். முதல் இரண்டு நாள் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். விட்டுப்போன ‘ஐயா’ தொண்டையில் நிற்பது தெரியும். பிறகு அதுவும் போயிற்று. நான் நிறுத்தியிருக்கலாம். உன்னிடம் கேள்வி கேட்பவன் யார் தெரியுமா என்று சொல்லியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. தினமும் போய் இன்னும் கடினமாகக் கேட்டேன். எங்கேயாவது தடுமாறுவாரா என்று பார்த்தேன் என்பதுதான் உண்மை. அவர் தடுமாறவில்லை. நாளுக்கு நாள் தேறினார். மார்கழி பாதி போவதற்குள், என் மாமாவை உள்ளே தள்ளப்போகிற சாட்சியை நானே தயார் செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

போகிக்கு முந்தின நாள் மாமா வக்கீலைப் பார்க்கத் தஞ்சாவூர் வந்தார். என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் டிபன் வாங்கிக் கொடுத்தார். ஊரே பொங்கலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கீழவாசலில் கரும்புக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு நின்றன. மஞ்சள் கொத்தும் புதுப்பானையும் தெருவை அடைத்துக் கிடந்தன. மாமா எதையும் பார்க்கவில்லை.

“ஒரே ஒரு சாட்சிடா தம்பி. அவன் ஒருத்தன் இல்லன்னா கேஸ் இல்லேங்கறாரு வக்கீல். எந்தப் பொந்துல வச்சிருக்கானுங்கன்னு தெரியல.”

நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“அத்தை சரியா சாப்பிடறதில்ல. பொங்கலுக்கு வருவேல்ல? நீ வந்தா ரெண்டு வாய் சாப்பிடுவா.”

“வர்றேன் மாமா.”

“என்ன இப்படி இருமறே? இந்தப் பனியில காதை மூடாம திரிஞ்சா?” என்று சொல்லி, நடைபாதைக் கடையில் பேரம் பேசாமல் ஒரு பழுப்பு மஃப்ளர் வாங்கி, நடுத்தெருவில் என் கழுத்தில் அவரே சுற்றிவிட்டார்.

சாட்சி இருக்கும் இடத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் உயிரோடு இருக்க மாட்டார் என்று தெரியும். சொல்லாமல் இருந்ததை அன்று ராத்திரி பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடேயே இன்னொன்றும் வந்தது. இவர் பயந்து எங்கேயாவது போய்விட்டால் போதுமே. யாருக்கும் அடி இல்லை, ரத்தம் இல்லை. மாமாவும் தப்பிப்பார், இவரும் பிழைப்பார். படித்தவனுக்குத்தான் இப்படி இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிகிற வழி தோன்றும்.

போகி அன்று பனியும் புகையுமாக விடிந்தது. பழைய பாயை எரிக்கும் வழக்கத்தை மெட்ராஸ்காரர்தான் எங்கள் லாட்ஜுக்குக் கொண்டுவந்தார். கொல்லையில், வெந்நீர் அறைக்குப் பக்கத்தில், கிழிந்த பாய்களையும் ஓட்டைக் கூடைகளையும் குவித்துக் கொளுத்தி, நாலைந்து பேர் டப்பா தட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று அறைப்பக்கம் வீசியதில் கதவு புகைக்குள் இருந்தது. நான் வாளியோடு போனேன். அவர் அன்றைக்கு உள்ளே இருந்தார். கொதிக்கிற அண்டாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. செங்கல்லைக் காலால் தள்ளினேன். கதவைச் சாத்தினேன். சணல் முடிச்சு இறுக்கமாக இருந்தது. அவிழ்க்க நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க நான் வேறு மாதிரி செய்திருக்கலாம். தாழ்ப்பாளை இழுத்துவிட்டேன். இருமல் வந்தது. மஃப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய் நின்றேன்.

அவர் கத்தவில்லை. நான் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எல்லாக் கதவுக்கும் வெளியே நின்று கேட்கிற அதே குரலில், அதே அளவாக, “உள்ள ஆளு இருக்கு” என்றார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி, “உள்ள ஆளு இருக்கு. உள்ள ஆளு இருக்கு.”

கொல்லையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “இன்னிக்கு கேள்வியும் அவரே, பதிலும் அவரே” என்றார் மெட்ராஸ்காரர்.

பிறகு ஒரு பெரிய சத்தம். அண்டாவை அடுப்பின்மேல் கவிழ்த்திருக்கிறார். தீயை அணைக்கத்தான். கொதிநீரும் சாம்பலும் ஆவியும் கதவிடுக்கில் வந்தன. மெட்ராஸ்காரர் ஓடிப்போய்த் திறந்தார். வெந்நீர் வெளியே வந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துபோயிருந்தன. யார் முகத்தையும் பார்க்கவில்லை. “ஏய், உட்காருப்பா, யாராவது ரிக்‌ஷா கூப்பிடுங்க” என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலுக்கு நடந்தார். தெரு முழுக்கப் போகிப்புகை. நாலு அடியில் ஆள் மறைந்துவிட்டார்.

சங்கத்து ஆட்கள் பொங்கல் மூன்று நாளும் தேடினார்கள். மாட்டுப்பொங்கல் அன்று நானும் ஊருக்குப் போகாமல் தேடுவதுபோல் சுற்றினேன். பெரிய கோயிலில் நந்திக்குக் காய்கறி அலங்காரம் பார்க்க நின்ற கூட்டத்தில் வெந்த கால்களைத் தேடிக் குனிந்து குனிந்து பார்த்தேன். கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

விசாரணை நாளன்று கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். டவாலி வாசலில் நின்று அவர் பெயரை மூன்று முறை கூவினார். ஒவ்வொரு முறைக்கும் வராந்தாவில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்று கேட்டைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். செத்தவரின் மனைவி, இவருடைய தங்கை. வாய்தா போட்டார்கள். மறுபடி கூவினார்கள். பயிர் அறுத்து, உளுந்து எடுத்து, கோடை வருவதற்குள் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது.

மறுவருடம் தையில் மாமாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். எனக்கும் பட்டுக்கரை வேட்டி எடுத்திருந்தார்கள். பந்தியில் நின்று பரிமாறினேன். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தபோது மாமா என் தலையில் கைவைத்து, “சாமி நம்மளக் கைவிடல பாத்தியா” என்றார். கதவைச் சாத்தியது நான்தான் என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். மாமா காலமானார். பேராவூரணிக்கு மாற்றலாகிப் போயிருந்த மெட்ராஸ்காரர் ஒருமுறை தஞ்சாவூர் வந்தபோது என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். “நம்ம வெந்நீரு உயிரோடதான்யா கீறாரு. எங்க பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல காவல். லைன் போட போனப்ப பாத்தேன். இன்னும் அதே கேள்விதான். டிரான்ஸ்பார்மர் பெட்டிய மூடறப்ப உள்ள ஆளு இருக்கான்னு கேக்கறாரு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அங்கே பனி வேறு மாதிரி. தென்னைமட்டைகளில் இறங்கி, மணலில் சொட்டு சொட்டாகக் குழி போட்டுக்கொண்டிருந்தது. நான்கு கால் நட்டு ஓலை வேய்ந்த பந்தல், சுவர் இல்லை, அதற்குள் கயிற்றுக்கட்டில். அவர் நரைத்திருந்தார். என்னைக் கண்டதும் “வாங்க சார்” என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல. இளநீர் வெட்டினார். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

“அன்னைக்குக் கதவைச் சாத்தினது நான்தான்.”

“தெரியுங்க. இருமினீங்களே.”

“நான் அவரோட அக்கா மகன்.”

“அது பின்னாடி தெரிஞ்சிச்சு.” அரிவாளைக் கட்டில் காலில் சாய்த்துவைத்தார். “கால் ஆறவே ஆடி ஆயிடிச்சுங்க. அதுக்குள்ள கேஸும் முடிஞ்சுபோச்சு. ஊருக்குப் போனேன். காசு வாங்கிட்டு ஓடிட்டான்னு பேச்சு. தங்கச்சி வாசல்லயே நிக்கவச்சு, எம் புருஷன எம்புட்டுக்கு வித்தேன்னு கேட்டிச்சு. அப்பறம் போகலீங்க.”

“வெந்துபோன காலைக் காட்டலாமே.”

“காட்டுனேன். குடிச்சிட்டு அடுப்புல விழுந்திருப்பேன்னு சொல்லிட்டாங்க.”

எனக்குப் பாகத்தில் வந்த நிலத்திலிருந்து இரண்டு மா அவர் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன். அதற்காகத்தான் போயிருந்தேன். அதைக் கேட்டு முதல்முறையாக அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

“உங்க வீட்டு நெலத்த நான் வாங்குனா அப்ப காசு வாங்குனதும் நெசம்னு ஆயிடாதா சார்? படிச்சவுங்க, யோசிக்க மாட்டீங்களா?”

“வேற என்ன செய்யட்டும்? சொல்லுங்க.”

“நீங்க போய் எந்தங்கச்சிகிட்டச் சொல்லுங்க. கதவச் சாத்துனது இன்னாரு, அதாலதான் வரலன்னு. அது போதும்.”

போனேன். அதே மார்கழியில், குடவாசலில் பஸ் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தேன். சம்பா கதிர் முற்றி, பனிப்பாரத்தில் சாய்ந்து கிடந்தது. பண்ணையாட்கள் இருந்த கீழத்தெருவில் சில வீடுகள் ஓடு போட்டிருந்தன. மனைப்பட்டா வந்திருந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. அவர் தங்கையின் வாசலில் பத்துப் பேர் கூடினார்கள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி கேட்டுப் பழக்கியது, மஃப்ளர், போகி, சணல் முடிச்சு, எதையும் விடவில்லை.

அந்தப் பெண்ணுக்கும் முடி நரைத்திருந்தது. முறத்தை மடியில் வைத்தபடி, நான் முடிக்கும்வரை கேட்டாள்.

“உங்கள யாரு அனுப்புனா?”

“உங்க அண்ணன்தான்.”

அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல. “எம் புருஷன் வெந்து செத்ததுக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆளு வரல. எங்கண்ணன் காசு வாங்கலன்னு சாட்சி சொல்ல ஐயா வீட்டுலேருந்தே ஆளு வருது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இது நாளு வரைக்கும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திச்சுங்க. ஒருவேளை வாங்கலையோன்னு. இப்ப இல்ல.”

“நான் சொல்றது சத்தியம்மா.”

“இருக்கும். நீங்க எல்லாம் நல்லா இருக்கணும், போங்க” என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு பெரியவர் பஸ் நேரம் சொல்லி, குறுக்கு வழியும் காட்டிவிட்டார்.

பேராவூரணிக்குத் திரும்பிப் போனபோது, அவர் தோப்பு முகப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து தினமும் அங்கேதான் நிற்கிறாராம்.

“என்ன சொல்லிச்சு?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “நம்பிட்டாங்க” என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதோடு நிறுத்த முடியவில்லை. “வரச் சொன்னாங்க” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் தோப்புக்குள் போய் நல்ல தேங்காய்களாகப் பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தார். சாக்கில் கட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து கோடி வேட்டி எடுத்துக் கட்டி, அன்றைக்கே கிளம்பிவிட்டார். நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். சாக்கை ஏற்ற கைகொடுத்தேன். பஸ் புறப்படச் சில நிமிடங்கள் இருந்தன. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

தை கடைசியில் மறுபடி போனேன். தோப்பில்தான் இருந்தார். மட்டை முடைந்துகொண்டிருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவராகப் பேசட்டும் என்று காத்திருந்தேன். ஒரு மட்டையை முடைந்து முடித்து அடுக்கில் போட்டார்.

“மூட்டைய அது தொடல. வாசல்லயே வச்சிட்டு வந்துட்டேன்” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“நம்பிட்டாங்கன்னு நீங்க சொன்னது நல்லதுதாங்க சார். இங்க பஸ் ஏறுனதுலேருந்து அங்க எறங்குற வரைக்கும் நல்லா இருந்திச்சு.”